ஒரே பழக்கம், இரண்டு அண்ணன்கள்: வாய்ப் புற்றில் மரபணு எங்கே வருகிறது?

சின்னண்ணனுக்கு நாக்கின் ஓரத்தில் வந்திருப்பது புற்றுதான் என்று உறுதியானதும், வீட்டில் கிளம்பிய முதல் கேள்வி சிகிச்சையைப் பற்றியதாக இருக்கவில்லை. "பெரியவன் இவனைவிட ரெண்டு மடங்கு புகையிலை போட்டவன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இவனுக்கு மட்டும் ஏன்?" இதைத்தான் வந்தவர் போனவர் எல்லாரும் கேட்டார்கள். அண்ணியின் கேள்வி வேறு. "அப்படின்னா இது ரத்தத்திலேயே இருக்கா? பிள்ளைகளுக்கும் வருமா?"

நான் அவர்களுக்குத் தங்கை. மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அண்ணனுடன் அலைந்தவள் நான்தான் என்பதால், அறுவை நிபுணர், நோய்க்குறியியல் மருத்துவர், மரபணு ஆலோசகர் என்று பலரிடமும் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொண்டே இருந்தேன். கிடைத்த பதில்களில் சில எங்கள் பயத்தைக் குறைத்தன. ஒன்று சிகிச்சையையே மாற்றியது. அது நாங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்குமான பதிலே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்ததும் அவர் எங்களைத் திருப்பிக் கேட்டார்: "நீங்கள் கேட்பது உடம்பின் மரபணுவா, கட்டியின் மரபணுவா?" பிறக்கும்போதே அப்பா அம்மாவிடமிருந்து வந்தது எல்லாச் செல்லிலும் இருக்கும். அதை ரத்தத்திலோ எச்சிலிலோ பார்க்கலாம், அது பிள்ளைகளுக்கும் போகலாம். கட்டியில் இருக்கும் மாற்றங்கள் அப்படி இல்லை. நாக்கின் ஒரு மூலையில் உள்ள செல்களில், பல வருடங்களில், ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. கருமுட்டைக்கும் விந்தணுவுக்கும் அவற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இதைக் கேட்டதுமே அண்ணியின் முகத்தில் பாதிக் கலவரம் போய்விட்டது.

மீதிப் பாதி, அறிக்கை கைக்கு வந்தபோது திரும்பி வந்தது. கட்டித் துணுக்கை வைத்துச் செய்த மரபணுப் பரிசோதனை அது. முதல் வரியில் 'டிபி53', பக்கத்தில் ஒரு நீளமான குறியீடு, கடைசிக் கட்டத்தில் 38 சதவீதம். உறவுக்காரப் பையன் ஒருவன் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, குடும்பம் குடும்பமாகப் பல உறுப்புகளில் புற்று வரவைக்கும் லி-ஃபிராமெனி நோய்க்கூறு என்று ஒன்று இருக்கிறது, அதே மரபணுதான் என்று சொல்லிவிட்டான். அன்று இரவு யாரும் தூங்கவில்லை.

மரபணு அதேதான், ஆனால் கதை வேறு. டிபி53 என்பது செல் கண்டபடி பெருகாமல் காவல் காக்கும் மரபணு. பிறவியிலேயே அது கெட்டுப்போயிருப்பது அபூர்வம். கட்டிக்குள் கெட்டுப்போயிருப்பதோ வாய்ப் புற்றில் வழக்கம். 2015-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று 279 தலை-கழுத்துக் கட்டிகளின் மரபணுத் தொகுதியை அலசியது. எச்பிவி கிருமி சம்பந்தப்படாத கட்டிகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றில் டிபி53 சிதைந்திருந்தது. எச்பிவி பெரும்பாலும் தொண்டைப் பகுதியில் வரும் புற்றோடு சேர்ந்தது, நாக்கின் முன்பகுதியிலும் கன்னத்திலும் வருவதில் அதன் பங்கு குறைவு. ஆக அண்ணனுடைய அறிக்கையின் முதல் வரி, புகையிலையால் வந்த வாய்ப் புற்றில் எதிர்பார்க்கக்கூடிய வரிதான். அந்த 38 சதவீதம் என்பது, அந்த இடத்தில் படித்த பிரதிகளில் எத்தனை பங்கு மாறியிருந்தன என்ற கணக்கு. பிறவி மாற்றமாக இருந்தால் அது ஏறக்குறைய 50 சதவீதத்தில் நிற்கும். ஆனால் கட்டித் துணுக்கில் இந்த எண் மேலும் கீழும் போகும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார் ஆலோசகர். ரத்தத்தில் பார்த்தார்கள். அங்கே அது இல்லை. விஷயம் முடிந்தது.

கட்டிப் பரிசோதனைக்குக் கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூடவே ரத்த மாதிரியும் எடுத்து ஒப்பிடுவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஒப்பிட்டிருந்தால் அறிக்கையிலேயே எது பிறவி, எது கட்டியில் மட்டும் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் வீட்டில் எங்களைப்போல ஒரு இரவு வீணாகும்.

சரி, ஒரே பழக்கம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன்?

புகையிலையில் இருக்கும் நைட்ரோசமைன்கள் என்ற நச்சுப்பொருள்கள் அப்படியே டிஎன்ஏவைக் கெடுப்பதில்லை. உடம்பின் சில நொதிகள் அவற்றை மாற்றியமைக்கும்போதுதான் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் வடிவம் உருவாகிறது. வேறு சில நொதிகள் அதைப் பிடித்து வெளியேற்றுகின்றன. ஒட்டியதைப் பிய்த்துப் பழுதுபார்க்க இன்னொரு கூட்டம் இருக்கிறது. இந்த மூன்று வேலைகளையும் செய்யும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் கொஞ்சம் மாறுபடுகின்றன. நச்சை வெளியேற்றும் ஜிஎஸ்டிஎம்1 என்ற மரபணு முழுசாகவே இல்லாமல் பிறக்கிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அது இல்லையே என்று யாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. வீட்டில் குப்பை அள்ள ஆள் இல்லாவிட்டாலும், குப்பையே போடாதவரை நாறப்போவதில்லை.

அளவையும் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட ஒற்றை மாற்றம் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுவது பெரும்பாலும் ஒன்றேகால், ஒன்றரை மடங்கு என்ற அளவில்தான். பழக்கத்தின் கணக்கு வேறு. 1988-இல் வெளியான ஒரு ஆய்வில், அதிகமாகப் புகைத்து அதிகமாகக் குடிக்கவும் செய்தவர்களுக்கு வாய் மற்றும் தொண்டைப் புற்றின் ஆபத்து, இரண்டும் இல்லாதவர்களைவிட 35 மடங்குக்கும் மேல் இருந்தது. பாக்கை மட்டும் எடுத்தாலும், புகையிலை சேர்க்காத பாக்கே மனிதருக்குப் புற்று உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகமை 2004-இல் முதல் பிரிவில் வைத்துவிட்டது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, மரபணுமீது பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை.

மரபணுவும் பழக்கமும் சேர்ந்து வேலை செய்வதற்கு நல்ல உதாரணம் மதுதான். மது உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறும், அதை ஏஎல்டிஹெச்2 என்ற நொதி உடைக்கும். கிழக்கு ஆசிய மக்களில் கணிசமானவர்களுக்கு இந்த நொதி மந்தமாக இருக்கும்படி ஒரு பிறவி மாற்றம் உண்டு. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்துவிடும். அசிட்டால்டிஹைடு எச்சிலிலும் தங்கி, வாயின் உள்தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அப்பா அம்மாவிடமிருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இந்த மாற்றத்தை வைத்துக்கொண்டு தொடர்ந்து குடிப்பவர்களுக்கு வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றின் ஆபத்து நன்றாக ஏறுகிறது. இரண்டு பிரதியிலும் இந்த மாற்றம் உள்ளவர்களால் குடிக்கவே முடியாது, அதனால் அவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். குடிக்காதவருக்கு இந்த மாற்றத்தால் வாயில் பெரிதாக எதுவும் ஆவதில்லை. 2016-இல் வாய், தொண்டைப் புற்று வந்த ஆறாயிரத்துச் சொச்சம் நோயாளிகளின் மரபணுத் தொகுதியை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்விலும், மதுவைக் கையாளும் ஏடிஹெச்1பி மரபணு இருக்கும் இடத்துக்குப் புற்றோடு தொடர்பு இருப்பது தெளிவாகவே தெரிந்தது.

இதற்கெல்லாம் மேலே தற்செயல் என்று ஒன்று இருக்கிறது. டிஎன்ஏ பல இடங்களில் கெடுகிறது. அதில் எந்தச் செல்லில், எந்த மரபணுவில் விழுகிறது என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. "ரெண்டு அண்ணன்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து ஒப்பிட்டால் காரணம் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது, காசு செலவாகும்" என்றார் ஆலோசகர், சிரித்துக்கொண்டே. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பிறவி மரபணுவைக் கட்டாயம் பார்க்க வேண்டிய சிலர் இருக்கிறார்கள். ஆலோசகர் எங்கள் மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை வரைந்தபோது கேட்ட கேள்விகள் எல்லாம் அவர்களைத் தேடித்தான். சின்ன வயதில், எந்தப் பழக்கமும் இல்லாமல் வாய்ப் புற்று வந்தவர் உண்டா? ரத்த அணுக்கள் குறையும் நோய், எலும்பு மஜ்ஜை செயலிழப்பு யாருக்காவது உண்டா? கட்டை விரலில் பிறவிக் குறை, மிகக் குட்டையான உடல்வாகு, தோலில் பழுப்புத் திட்டுகள்? நகம் சிதைந்து, கழுத்தில் வலைபோலக் கருமை படர்ந்து, நாக்கில் வெள்ளைத் திட்டு உள்ளவர்? முதல் கூட்டம் ஃபான்கோனி ரத்தசோகையைக் காட்டலாம். டிஎன்ஏ இழைகள் பின்னிக்கொண்டால் பிரித்துச் சரிசெய்யும் அமைப்பே அதில் பழுது, வாய்ப் புற்றின் ஆபத்து பல நூறு மடங்கு. கடைசியில் சொன்னது, குரோமோசோம்களின் நுனிகளைக் காக்கும் டெலோமியர் பழுதால் வரும் டிஸ்கெரடோசிஸ் கான்ஜெனிட்டா என்ற பிறவி நோய். இவை அபூர்வம்தான். ஆனால் ஃபான்கோனி உள்ளவருக்கு வழக்கமான அளவில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தோ கதிர்வீச்சோ கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இளம் வயதில், பழக்கம் எதுவும் இல்லாமல் வாய்ப் புற்று வந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன் இந்தக் கேள்வியை நீங்களே மருத்துவரிடம் எழுப்புங்கள்.

எங்கள் குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஆலோசகர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "பெரியவருக்கு ஒன்றும் இல்லை என்கிறீர்களே, யார் வாயைத் திறந்து பார்த்தார்கள்?"

யாரும் பார்க்கவில்லை.

பெரியண்ணனைச் சமாதானப்படுத்தி அழைத்துப் போனோம். பல் மருத்துவர் இரண்டு கண்ணாடிகளால் கன்னத்தை விலக்கிப் பார்த்தார். அப்புறம் நாக்கு நுனியை ஒரு துண்டு காஸ் துணியால் பிடித்து வெளியே இழுத்து, ஒருபக்கம் திருப்பி, விளக்கை நெருக்கமாகக் கொண்டுவந்தார். புகையிலையை அடக்கிவைக்கும் பக்கத்துக் கன்னத்தின் உள்ளே, விரல்நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. துடைத்தால் போகவில்லை, வலியும் இல்லை. வலி இல்லாததால்தான் அவருக்கும் தெரியவில்லை. துணுக்கெடுத்துப் பார்த்ததில் லேசான செல் மாறுபாடு என்று வந்தது. "அவனுக்கு மட்டும் ஏன்" என்று ஊரெல்லாம் கேட்ட கேள்வியின் அடிப்படையே அங்கே ஆடிப்போயிற்று. இரண்டு பேரும் ஒரே பாதையில்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள், ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே.

வெள்ளைத் திட்டு புற்றாக மாறுமா, எப்போது மாறும் என்பதில்தான் மரபணு ஆய்வு உருப்படியாக ஏதோ சொல்கிறது. ஒவ்வொரு குரோமோசோமும் நமக்கு இரண்டு பிரதி. திட்டில் உள்ள செல்கள் மூன்றாவது, ஒன்பதாவது குரோமோசோம்களின் குட்டைக் கை எனப்படும் சிறிய பக்கத்தில் ஒரு பிரதியின் துண்டை இழந்திருந்தால் அது புற்றாகும் வாய்ப்பு கூடுகிறது. அதோடு இன்னும் சில குரோமோசோம்களிலும் இழந்திருந்தால் பல மடங்கு கூடுகிறது. ஒன்பதாவதில் இழக்கப்படும் இடத்தில்தான் செல் பெருக்கத்துக்குத் தடை போடும் சிடிகேஎன்2ஏ இருக்கிறது. 2016-இல் வெளியான ஒரு மருந்துச் சோதனை, இந்த இழப்பு உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து எர்லோட்டினிப் மாத்திரை கொடுத்துப் பார்த்தது. இழப்பு உள்ளவர்களுக்குப் புற்று அதிகம் வந்தது உறுதியானது. ஆனால் மாத்திரை அதைத் தடுக்கவில்லை. ஆபத்தை அளக்கத் தெரிந்துவிட்டது, மருந்தால் குறைக்க முடியவில்லை. இந்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்யப்படுவதும் இல்லை. பெரியண்ணன் விஷயத்தில் மருத்துவர் பார்த்தது திட்டு இருக்கும் இடம், அளவு, பரப்பு சமமாக இருக்கிறதா, நடுவில் சிவப்பு கலந்திருக்கிறதா, செல் மாறுபாடு எந்தத் தரம் என்பவைதான். நாக்கின் ஓரமும் நாக்குக்குக் கீழே உள்ள வாய்த்தரையும் கூடுதலாகக் கவலைப்பட வேண்டிய இடங்கள், சிவப்பு கலந்தால் இன்னும் கவலை. புகையிலையை நிறுத்தச் சொன்னார். அவரும் நிறுத்தினார். தம்பியின் கழுத்தில் இருந்த தையலைப் பார்த்த பிறகு அதற்குத் தனியாக அறிவுரை தேவைப்படவில்லை.

சின்னண்ணனின் அறுவைக்கு மரபணு அறிக்கையால் ஒரு மாற்றமும் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த அறிக்கை வரட்டும் என்று அறுவையைத் தள்ளிப்போட நினைத்த உறவினர்கள் இருந்தார்கள். வாயில் வந்த கட்டியை வெட்டி எடுப்பதுதான் முதல் சிகிச்சை. அதற்குப் பின் என்ன என்பதைத் தீர்மானித்தது நோய்க்குறியியல் அறிக்கை: கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது, வெட்டிய விளிம்பு சுத்தமா, கழுத்து நிணநீர் முடிச்சில் பரவியதா, பரவி முடிச்சின் உறையைக் கிழித்து வெளியே வந்ததா, நரம்பைச் சுற்றிப் போயிருக்கிறதா. ஆழம் 5 மில்லிமீட்டரையும் 10 மில்லிமீட்டரையும் தாண்டுகிறதா என்பது இப்போதைய நிலை வகைப்பாட்டிலேயே இருக்கிறது. அண்ணனுக்கு உறை கிழிந்திருந்தது, அதனால் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

விளிம்பு சுத்தம் என்று எழுதியிருந்தும் சிலருக்கு ஏன் அதே பக்கத்தில் திரும்ப வருகிறது என்பதற்கு மரபணு விளக்கம் தருகிறது. நுண்ணோக்கியில் இயல்பாகத் தெரியும் விளிம்புச் செல்களிலேயே கட்டியின் டிபி53 மாற்றம் இருக்கக்கூடும் என்று 1995-லேயே காட்டிவிட்டார்கள். பல வருடம் புகையிலையில் ஊறிய வாயின் உள்தோல், கட்டி உள்ள இடத்தைத் தாண்டியும் மாறியிருக்கும். அதனால்தான் ஒருமுறை வந்தவர்களுக்கு வாயிலோ தொண்டையிலோ புதிதாக இன்னொரு புற்று முளைக்கும் ஆபத்து தொடர்கிறது. கட்டிகளும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. டிபி53 கெடாமல், ஹெச்ராஸ், காஸ்பேஸ்8 என்ற மரபணுக்களில் மாற்றம் உள்ள ஒரு சிறு கூட்டம் மற்றவற்றைவிடச் சாதுவாக நடந்துகொள்வதாக அந்த 2015 ஆய்வு சொன்னது. அண்ணனுடையது அந்தக் கூட்டத்தில் இல்லை.

கழுத்தில் திரும்ப வந்தது. இந்த முறை அறுவைக்கு இடமில்லை. கட்டியில் பிடி-எல்1 என்ற புரதம் எவ்வளவு என்று பார்த்தார்கள். இதையும் பலர் மரபணுப் பரிசோதனை என்று நினைக்கிறார்கள், உண்மையில் அது துணுக்கில் சாயம் ஏற்றி எண்ணும் புரதக் கணக்கு. அதைப் பொறுத்துத்தான் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் தனியாகவா, கீமோவோடு சேர்த்தா என்ற பேச்சு வரும். அண்ணனுக்குச் சேர்த்துக் கொடுப்பது என்று முடிவானது. கீமோவில் ஒன்று 5-ஃப்ளோரோயுராசில், நான்கு நாள் பம்ப் வழியாக விடாமல் ஏறும்.

அதைத் தொடங்கும் முன் மருத்துவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். டிபிஒய்டி. கல்லீரலில் இந்த மருந்தை உடைக்கும் நொதியின் மரபணு அது. உள்ளே போகும் மருந்தில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த நொதிதான் உடைக்கிறது. நொதி பாதி வேலை செய்தால் வழக்கமான அளவே விஷமாகும்: வாய் முழுக்கப் புண், நிற்காத வயிற்றுப்போக்கு, அடிமட்டத்துக்கு இறங்கும் வெள்ளணுக்கள். நொதி அறவே இல்லாதவருக்கு மரணமே நேரலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல், இந்த மருந்துக்கு முன் இப்படிப் பார்க்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. அண்ணனின் முடிவில் ஒரு பிரதியில் மாற்றம் என்று வந்தது. மருத்துவர் அளவைப் பாதியாகக் குறைத்துத் தொடங்கினார், தாங்குவதைப் பார்த்துப் பிறகு கொஞ்சம் ஏற்றினார். வாய்ப்புண் வந்தது, ஆனால் சமாளிக்கும் அளவில்தான்.

இரண்டு வருடமாக நாங்கள் துரத்திய மரபணுக் கேள்விகளில், கையில் பிடிக்கும்படி ஒரு பயன் கிடைத்தது இது ஒன்றில்தான். புற்று ஏன் வந்தது என்பதோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் இதைக் கேட்டிருக்கவும் மாட்டோம், பெயரே தெரியாதே. 5-ஃப்ளோரோயுராசில் அல்லது உடம்பில் அதுவாகவே மாறும் கேப்சிடபின் மாத்திரை என்று மருந்துச் சீட்டில் பார்த்தால், "டிபிஒய்டி பார்த்தாயிற்றா டாக்டர்?" என்று கேளுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: வழக்கமாகப் பார்ப்பது நன்கு ஆராயப்பட்ட நான்கு மாற்றங்களை. அவை பெரும்பாலும் ஐரோப்பிய மக்களிடம் கண்டறியப்பட்டவை. அதனால் 'மாற்றம் இல்லை' என்று வந்தாலும் முதல் சுற்றில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. யுரிடின் ட்ரைஅசிட்டேட் என்று ஒரு மாற்றுமருந்து இருக்கிறது, அதையும் மருந்து ஏறி முடிந்த 96 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. இது பிறவி மாற்றம் என்பதால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதே மருந்து குடல், இரைப்பை, மார்பகப் புற்றுகளுக்கும் கொடுக்கப்படுகிறது. ஆக "பிள்ளைகளுக்கும் வருமா" என்ற அண்ணியின் கேள்விக்கு, கடைசியில் ஆமாம் என்று சொல்ல வேண்டியதாக இருந்தது இந்த ஒன்றுக்கு மட்டும்தான். அதுவும் நோய் கிடையாது, ஒரு மருந்தின் அளவைப் பற்றிய தகவல். முடிவின் நகலை எல்லாரிடமும் கொடுத்துவைத்திருக்கிறேன். நான் பரிசோதித்துக்கொண்டேன், எனக்கு அந்த மாற்றம் இல்லை. பெரியண்ணன், தேவை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அதில் தப்பில்லை, கன்னத்துத் திட்டைக் காட்ட மட்டும் தவறாமல் போய்வருகிறார்.